இரண்டாவது குழியின் மூன்றாவது ஊசி

பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஊசியக்கா முதலில் கேட்பது என்ன கோளாறு என்றல்ல. "யாரு எந்தக் குழியில ஆடுவீங்க?" என்றுதான் கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். பெட்டியில் ஜாய்ஸ்டிக்கின் வயரைச் செருகும் இடத்தைக் கடைக்காரர்கள் போர்ட் என்பார்கள். அவளுக்கு அது குழி. பெட்டிக்கு இரண்டு குழி, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒன்பது ஊசி. மேலே ஐந்து, கீழே நான்கு. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரே ஒரு வேலைதான். முதலாவது மேலே போகச் சொல்லும், இரண்டாவது கீழே, மூன்றாவது இடது, நான்காவது வலது. ஒன்று செத்தால் அந்த ஒரு திசை மட்டும் சாகும், மற்றதெல்லாம் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

உள்ளே அமுங்கிப்போன ஊசிகளை நிமிர்த்துவதற்காகச் சட்டைக் காலரில் ஒரு தையல் ஊசியைக் குத்தி வைத்திருப்பாள். பெயர் அதனால் வந்தது. அவள் கணவரே வீட்டில் ஒரு தடவை "ஊசியக்கா, காப்பி" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் காப்பி இல்லாமல் இருந்தார்.

எடைத் தராசு செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் சால்டரிங் மேஜையில் உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு எண்ணூறு முனைக்கு ஈயம் வைத்த கை. அந்த வேலைக்கு இயந்திரம் வந்ததும் இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்று ஒரு ஜெராக்ஸ் கடை போட்டிருந்தார். ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பழைய டிவி. அதுதான் இவள் இடம். சின்ன வயதில் ஆடிய பெட்டிகளை ஐம்பது வயதுக்காரர்கள் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தாள். ஒருவர் ஒரே பெட்டியை மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் தன் ஜாய்ஸ்டிக்கைச் செருகிப் பார்த்தாள், நன்றாக ஓடியது. மூன்று தடவையும் கணவர் அட்டையில் "பழுதில்லை" என்று எழுதிக் கட்டி அனுப்பினார். நான்காவது தடவை அந்த மனிதர் தன் ஜாய்ஸ்டிக்கையும் எடுத்துவந்து மேஜையில் போட்டார். "இத வச்சு ஆடிப் பாருங்க. அப்புறம் நான் பைத்தியமா இல்லையான்னு சொல்லுங்க." அவருடைய பிளக் தேய்ந்துபோய்த் தொளதொளவென்று இருந்தது. இவளுடையது புதுசு, இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தில் உள்ளே விரிசல் விட்டிருந்த இணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஆடுகிறவரின் சாமான் இல்லாமல் அவள் எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் லாண்டரியம்மா வந்தாள். இரண்டு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருப்பவள். அறுபத்து மூன்று வயது, முழங்கால் இரண்டும் மக்கர். கையில் ஒரு படுக்கை விரிப்பு மூட்டை. மேஜையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கறுப்பு வீடியோ கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக். வயர்களை அழகாகச் சுருட்டி, சலவை எண் எழுதிய துணிப் பட்டையால் கட்டியிருந்தாள்.

"ரிப்பேருக்கு இல்லம்மா. யாருக்காச்சும் வேணும்னா குடுத்துடுங்க. வீட்டுல இனிமே வேண்டாம்."

"பாக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன். உக்காருங்க. யாரு எந்தக் குழியில ஆடுவீங்க?"

"நான் ஒண்ணு. என் தம்பி ரெண்டு." கேள்வி அவளுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. "அவனுக்கு ஒம்போது வயசுல வாங்கினது. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை. ரெண்டாவதுதான் ராசின்னு அத யாருக்கும் விட மாட்டான். இப்ப அம்பத்தெட்டு. இன்னும் விட மாட்டான்."

ஊசியக்கா பெட்டியை டிவியில் மாட்டினாள். மேலிருந்து விழும் பந்துகளைக் கூடையால் பிடிக்கும் ஆட்டம். முதல் குழியில் செருகினாள். கூடை இடதும் வலதும் ஓடியது. இரண்டாவது குழியில் செருகினாள். வலது போனது. இடது போகவில்லை. கூடை வலது சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஜாய்ஸ்டிக்கை மாற்றினாள். அதே கதை. தன்னுடையதைச் செருகினாள். இடது ஒரு தடவை துள்ளிவிட்டு மறுபடி செத்தது.

"ரெண்டாவது குழியில இடது போயிருக்கு" என்றாள்.

லாண்டரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். முழங்கால் வலிக்கும் என்பதை மறந்து எழுந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"இடது. ஊசி செத்துப்போச்சு."

"அது பெட்டியா?"

"வேற என்ன?"

லாண்டரியம்மா மறுபடி உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மடிப்பு கலையாமல் அதை மேஜையில் வைத்தாள். ஒரு பராமரிப்பு இல்லத்தின் சேர்க்கைப் படிவம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி.

அவள் தம்பி லிப்ட் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. அடி விழுந்தது மூளையின் வலது பக்கத்தில், அதனால் போனது இடது. இடது கை, கால் பலவீனம் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தட்டில் இடது பாதியைச் சாப்பிடாமல் விட்டுவிட்டு, இன்னும் கொண்டு வா என்பார். இடது கன்னத்தைச் சவரம் செய்யாமல் விடுவார். சக்கர நாற்காலியை இடது நிலைப்படியில் கொண்டுபோய் மோதுவார். இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குக் குறையே இல்லை என்று சாதிப்பதும் உண்டு. அதுவும் நோயின் ஒரு பகுதி. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், கோபப்படாதீர்கள் என்று.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுப் பெண். காகிதத்தில் கோடு அடிக்கச் சொன்னால் லிப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன ஒண்ணாம் கிளாஸா என்று கேட்டார். அலமாரி மேல் இருந்த வீடியோ கேம் பெட்டியைப் பார்த்ததும் பிசியோவுக்கு யோசனை வந்தது. இடது பக்கம் விழும் இருபது பந்தில் எத்தனை பிடிக்கிறார் என்று வாராவாரம் எண்ணி நோட்டில் எழுதினாள். நான்கு, ஏழு, பதினொன்று என்று ஏறியது. லாண்டரியம்மா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பிறகு இறங்க ஆரம்பித்தது. ஆறு. இரண்டு. கடைசி வாரம் பூஜ்யம்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக எதுவும் இல்லை. "சில பேருக்கு இப்படி நின்னுபோகும்" என்றார் டாக்டர். வீட்டிலே தனியாக விட முடியாது, லாண்டரியம்மாவின் முழங்காலோ மாடிப்படி ஏறவே அழுகிறது. இல்லத்தில் இரண்டு மாடி. ஓரளவு தேறுகிறவர்களுக்குக் கீழ் மாடி. தேற மாட்டார்கள் என்று எழுதி வருகிறவர்களுக்கு மேல் மாடி. அங்கே கட்டிலுக்குக் கம்பி போட்டிருப்பார்கள், சாப்பாடு ஊட்டுவார்கள், பயிற்சி கிடையாது. இவள் தம்பிக்கு மேல் மாடியில்தான் இடம் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிவரை வைத்திருப்பார்கள். பிசியோவின் கடைசி அறிக்கை வியாழக்கிழமை.

"அவன் சொல்லிக்கிட்டேதான் இருந்தான்" என்றாள் லாண்டரியம்மா. "பெட்டியில கோளாறு, பெட்டியில கோளாறுன்னு. நாங்கதான் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனோம். நோய் அப்படிப் பேச வைக்கும்னு சொல்லியிருந்தாங்க."

"நீங்க ஒரு தடவையாச்சும் மாத்திப் பாக்கலையா?"

"பாக்காம இருப்பேனா?" அவளுக்கு ரோஷம் வந்தது. "ரெண்டு வயரையும் உருவி, அவன் ஜாய்ஸ்டிக்க என் குழியிலயும், என் ஜாய்ஸ்டிக்க அவன் குழியிலயும் மாட்டினேன். அவன் ஜாய்ஸ்டிக் என் கையில நல்லா ஓடுச்சு. என்னுது அவன் கையில ஓடல. அப்ப கோளாறு யாருகிட்ட? நீங்களே சொல்லுங்க."

ஊசியக்கா அவளையே பார்த்தாள்.

"உருவி மாட்டினீங்களா? சும்மா கையில இருக்கறத அப்படியே மாத்திக்கல?"

"எப்படி? அப்புறம் அவனுக்கு ஒண்ணாவது குழில்ல வரும்? அவன் ஒத்துக்க மாட்டானே."

அதுதான் நடந்தது. லாண்டரியம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. சோம்பேறியாக இருந்திருந்தால், உட்கார்ந்த இடத்திலேயே ஜாய்ஸ்டிக்கைக் கைமாற்றியிருப்பாள். தம்பி முதல் குழிக்கு வந்திருப்பார், உண்மை அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இவள் முழங்காலை மடக்கிக் குனிந்து, வயரை உருவி, தம்பியின் ஐம்பது வருஷ உரிமைக்குப் பங்கம் வராமல் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். கோளாறு குழியோடு இருந்தது, குழி தம்பியோடு இருந்தது. பார்க்கிறவர்களுக்குக் கோளாறு தம்பியிடம் இருப்பதாகத் தெரிந்தது.

முன்பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த கணவர் தலையை நீட்டினார். "அட்டையில என்ன எழுத?"

"ஒண்ணும் எழுதாதீங்க. கதவுப் பக்கம் பாருங்க, ஆள் நிக்குறாங்க."

ஊசியக்கா பெட்டியைக் கவிழ்த்து ஆறு திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே சலவைத் தூள் மணத்தோடு தூசி. பிரஷ்ஷால் தட்டினாள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இரண்டாவது குழியின் மூன்றாவது ஊசியில் வைத்தாள். மறு முனையை, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் அந்த ஊசியின் வழி போய்ச் சேரும் இடத்தில் வைத்தாள். தொடர்பு இருந்தால் மீட்டர் பீப் என்று கத்த வேண்டும். கத்தவில்லை. காலரிலிருந்து தையல் ஊசியை எடுத்து, குழியின் ஊசியைப் பக்கவாட்டில் லேசாக நெம்பினாள். பீப். விட்டாள். மௌனம். மறுபடி நெம்பினாள். பீப்.

"பாத்தீங்களா? மூச்சு விட்டு விட்டு வருது."

பூதக்கண்ணாடியை லாண்டரியம்மாவிடம் கொடுத்தாள். பலகையின் அடியில், அந்த ஒரு ஊசியின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை மாதிரி ஒரு வட்டக் கீறல். மற்ற எட்டும் பளபளவென்று இருந்தன.

"இதுவா? இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்."

பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தாள். காலைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பிசின் தடவி, சால்டரிங் அயர்னை வைத்து மூன்று வரை எண்ணி, புது ஈயத்தைத் தொட்டு எடுத்தாள். ஈயம் ஊசியைச் சுற்றிச் சின்னக் கோபுரம் மாதிரி ஏறி நின்றது. அதோடு விடவில்லை. மற்ற எட்டு ஊசிக்கும், கேட்காமலே முதல் குழியின் ஒன்பதுக்கும் ஈயத்தைப் புதுப்பித்தாள். ஒன்று விரிசல் விட்ட இடத்தில் மற்றது எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

மூடி மாட்டி, லிப்ட்காரரின் சொந்த ஜாய்ஸ்டிக்கை இரண்டாவது குழியில் செருகி ஆடினாள். கூடை இடது சுவர்வரை ஓடியது.

லாண்டரியம்மா டிவியைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருவேளை இதுல ஆடியும் அவன் இடது போகலன்னா?"

"அப்ப அது பெட்டி இல்ல. தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இப்ப போட்டா தெரியாமப் போடுறீங்க." ஊசியக்கா அயர்னை நிறுத்தினாள். "பிசியோ எப்ப வருவாங்க?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு."

"நானும் வரேன். உங்க வீட்டுல வச்சுப் பாக்கணும். இங்க ஓடுறது அங்க ஓடலன்னா எனக்குத் தூக்கம் வராது."

கணவர் மறுபடி தலையை நீட்டினார். "இப்பல்லாம் என் பொண்டாட்டி வீட்டு வைத்தியம் வேற பாக்குறா."

"உங்களுக்கும் ஒரு நாள் பாக்குறேன், இருங்க."

வியாழக்கிழமை பத்தரைக்கே ஊசியக்கா போய்விட்டாள். கீழே கடை, மேலே வீடு. மாடிப்படி முழுக்க இஸ்திரி நீராவியின் சூடு. லிப்ட்காரரின் அறை பெரிதல்ல. வலது சுவரை ஒட்டிக் கட்டில், அதன் பக்கத்தில் சக்கர நாற்காலி, நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே ஒரு பலகை. டிவி அவருக்கு நேரே இல்லை. நன்றாக இடது பக்கம், ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தது.

"இது எதுக்கு அங்க?"

"பிசியோதான் நகத்தச் சொன்னாங்க, ரெண்டு மாசம் முந்தி" என்றாள் லாண்டரியம்மா. "எல்லாத்தையும் இடது பக்கமே வச்சா அவன் திரும்பித்தானே ஆகணும்."

நாற்காலியிலிருந்தவர் ஒல்லி. இடது கன்னத்தில் மட்டும் நரைத்தாடி. வந்தவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் ஊசியா?"

"ஆமா. நீங்கதான் பெட்டியில கோளாறுன்னு சொன்னவரா?"

"முப்பத்தி நாலு வருஷம் லிப்ட் பாத்தவன். பதினாலாவது மாடியில நின்னுபோன லிப்டுக்குள்ள ஆறு பேரு அழும்போது, கோளாறு மோட்டார்லயா கதவுலயான்னு வெளியில நின்னே சொல்லியிருக்கேன். இங்க என் வீட்டுல, என் பெட்டிக்குச் சொன்னா, 'சரிங்க மாமா, சரிங்க மாமா'ன்னு தலையத் தடவுறாங்க."

"உங்க தலையில கொஞ்சம் கோளாறு இருக்கறதும் நெஜந்தானே."

லாண்டரியம்மா திடுக்கிட்டாள். லிப்ட்காரர், "இருக்கு" என்றார். "அதுக்காக எல்லாமே என் தலையா?"

ஊசியக்கா பெட்டியை டிவிக்குக் கீழே வைத்து மாட்டினாள். ஜாய்ஸ்டிக்கை இரண்டாவது குழியில் செருகி, வயரை அவர் பலகைவரை இழுத்தாள். வயர் துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றது. லிப்ட்காரர் இடது கையால் ஜாய்ஸ்டிக்கின் அடியைப் பிடித்தார். அந்தக் கை தளர்ந்து சரிந்தபோது ஜாய்ஸ்டிக்கும் சரிந்தது, வயர் பெட்டியைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தது. குழியில் பிளக் அசைந்ததை ஊசியக்கா பார்த்தாள்.

கீறல் எப்படி வந்தது என்று அவளுக்குப் புரிந்தது. டிவியை நகர்த்திய நாளிலிருந்து ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு இழுப்பு. ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறது. அவர் தேறத் தேறக் குழி செத்துக்கொண்டு வந்திருக்கிறது. வைத்தியத்துக்காகச் செய்த காரியமே வைத்தியத்தின் கணக்கைக் கெடுத்திருக்கிறது.

"பழைய துணிப் பட்டை ஒண்ணு குடுங்க" என்றாள். லாண்டரியம்மா இடுப்பிலிருந்தே ஒன்றை உருவிக் கொடுத்தாள், எண் எழுதிய பட்டை. ஊசியக்கா பெட்டியை ஒரு முக்காலியில் ஏற்றி நாற்காலிப் பக்கம் நகர்த்தினாள். வயரை முக்காலிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, பட்டையால் கட்டினாள். கட்டுக்கும் குழிக்கும் நடுவே ஒரு ஜாண் வயர் தளர்வாகத் தொங்கியது. இனி எத்தனை இழுத்தாலும் முக்காலிதான் வாங்கும். டிவி இடது பக்கமே இருந்தது.

பதினோரு மணிக்குப் பிசியோ வந்தாள். மாடி ஏறிய மூச்சோடு நோட்டைத் திறந்தாள். லாண்டரியம்மா விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் ஊசியக்கா கையைக் காட்டித் தடுத்தாள். "முதல்ல எண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்து வலது பக்கம் விழுந்தது. பிடித்தார். இரண்டாவது இடது. கூடை அசையவில்லை. மூன்றாவது இடது. அசையவில்லை. நான்காவதும் போனது. லாண்டரியம்மாவின் கை கைப்பையின் மேல் இறுகியது. ஊசியக்கா வயரைப் பார்த்தாள், தளர்வாகத்தான் இருந்தது. இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பிசியோ அவர் இடது தோளை விரலால் இரண்டு தடவை தட்டினாள். "மாமா, இந்தப் பக்கம்."

லிப்ட்காரர் தலையைத் திருப்பினார். மெதுவாக, கனமான கதவைத் தள்ளுகிறவர் மாதிரி. கூடை இடதுபக்கம் நகர்ந்தது. அது நகர்ந்ததைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. கூடை சுவரில் போய் முட்டியது, பந்து அதில் விழுந்தது.

"ஓடுதுடீ!" என்றார் அக்காவைப் பார்த்து. அதற்குள் அடுத்த பந்து போய்விட்டது.

"பேசாம ஆடுடா, எருமை" என்றாள் அக்கா.

இருபதில் ஒன்பது. பிசியோ மறுபடி ஆடச் சொன்னாள். பன்னிரண்டு. அவள் நோட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊசியக்கா கீறலையும் வயரையும் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

பிசியோ நாற்காலி இல்லாததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அப்ப மூணு வாரமா நான் எழுதினது அந்தக் குழியோட ரிப்போர்ட்டா?"

"இழுத்து விட்டதும் நீங்கதான்" என்றார் லிப்ட்காரர்.

"சரிங்க மாமா."

"மறுபடியும் பாரு, 'சரிங்க மாமா'."

அவள் சிரித்தாள், ஆனால் வேலையை விடவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், நாற்பது. ஒவ்வொன்றையும் குறுக்கே அடிக்க வேண்டும். "இன்னைக்கு இத நீங்க செஞ்சே ஆகணும். பெட்டிய நம்பி நான் ஏமாந்தது போதும்." லிப்ட்காரர் ஊசியக்காவைப் பார்த்தார். அவள், "செய்ங்க. இதுவும் மீட்டர் வச்சுப் பாக்குறதுதான்" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். வலது பக்கம் ஒன்றும் விடவில்லை. இடது ஓரத்தில் ஆறு கோடுகள் தொடாமல் இருந்தன. எல்லாம் முடிந்துவிட்டது என்று பென்சிலை வைத்தார்.

"முதல் மாசம் பத்தொம்போது விட்டீங்க" என்றாள் பிசியோ. "இப்ப ஆறு. தேறியிருக்கீங்க. முழுசா இல்ல."

"ஆறா? எங்க?"

பிசியோ காகிதத்தை அவருக்கு வலது பக்கமாக நகர்த்திக் காட்டினாள். அவர் நீண்ட நேரம் பார்த்தார். லிப்ட் பார்த்த மனிதர், சோதித்துக் காட்டினால் ஒத்துக்கொள்கிறவர். "ம்" என்றார்.

பிசியோ அறிக்கையை அங்கேயே எழுதினாள். மூன்று மாதம் வீட்டில் பயிற்சி தொடரலாம், பகலில் ஒரு ஆள் துணை வேண்டும், பிறகு பார்க்கலாம். லாண்டரியம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, பால்கனிக்குப் போய் இல்லத்துக்குப் போன் செய்தாள். இடம் வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டால் வரிசையில் கடைசியில்தான் என்று அங்கே சொன்னார்கள் போல. "தெரியும், தெரியும்" என்றாள். உள்ளே வந்தபோது முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள் மாடிப்படி. கடையில் இஸ்திரி போடுகிறவளின் அக்கா வேலை தேடுகிறாள், அவளைக் கேட்க வேண்டும் என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

புறப்படும்போது ஊசியக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "வாரம் ஒரு நாள் ரெண்டு பேரும் குழி மாத்தி ஆடணும். கையில இருக்கறத அப்படியே மாத்திக்கோங்க, உருவி மாட்ட வேண்டாம். அப்பதான் எது கெட்டாலும் தெரியும்."

"அதெல்லாம் முடியாது" என்றார் லிப்ட்காரர். "ஒண்ணாவது குழி ராசியில்லாதது."

"அப்ப அடுத்த தடவை உங்களத்தான் கழட்டிப் பாப்பேன்."

அவர் ஒத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து லாண்டரியம்மா அதே விரிப்பில் அதே பெட்டியோடு வந்தாள். மூட்டையைப் பிரிக்கும்போதே சொன்னாள்: "ரெண்டாவதுல பதினாறு பிடிக்கிறான். சனிக்கிழம ஒண்ணாவதுல ஆடவிட்டா பத்துதான் வருது. குழி கெட்டுப்போச்சு, அந்தம்மாகிட்ட கொண்டு போன்னு ஒத்தக் கால்ல நிக்குறான்."

"நிக்குறாரா?"

"பேச்சுக்குச் சொன்னேன். கம்பியப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் நிக்குறான்."

சனிக்கிழமை அவர் கையில் இருந்த அக்காவின் ஜாய்ஸ்டிக்கை ஊசியக்கா முதல் குழியில் செருகினாள். மீட்டரை வைத்து ஒன்பது ஊசியையும் நெம்பி நெம்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் விடாமல் கத்தியது. முக்காலியில் கட்டியதுபோல வயரைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். இருபது பந்து ஆடினாள், இருபதும் கூடையில் விழுந்தன.

"குழி சரியா இருக்கு" என்றாள். "இது அவருதான். பழகாத எடத்துல அந்தப் பக்கம் இன்னும் நழுவுது. ஒண்ணாவதுலயே அதிகம் ஆடச் சொல்லுங்க."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க. அவருக்கு மறைச்சுப் பேசினாத்தான் கோவம் வரும்."

கணவர் அதற்குள் அட்டையை எழுதியிருந்தார்: பழுதில்லை. வருஷக்கணக்காக எழுதாத சொல், கை மறக்கவில்லை. ஊசியக்கா அதைக் கயிற்றில் கோத்துப் பெட்டியில் கட்டினாள்.

மறுநாள் காலையில் லாண்டரியம்மா அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள். லிப்ட்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்துவிட்டாராம். சோதித்த தேதி இல்லை, சோதித்தவர் கையெழுத்து இல்லை, இப்படி ஒரு அட்டையை லிப்டில் மாட்டினால் அந்த லிப்டில் யார் ஏறுவார்கள் என்று கேட்டாராம்.

ஊசியக்கா கணவரிடமிருந்து பேனாவை வாங்கித் தேதியை எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.